வந்த வரைக்கும்

"கேட்கப்பட்ட அளவு பைட்டுகளைப் படித்துத் தரும்" என்று அவள் சத்தமாகப் படித்தாள்.

சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, இடது கையால் சட்டையின் மூன்றாவது பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கணவர் தலை நிமிராமலே "இல்ல" என்றார்.

"எது இல்ல? படிக்கிறது இல்லையா, தர்றது இல்லையா?"

"இல்ல."

"நீங்க எழுதின வரிதாங்க இது. நான் ஒரு எழுத்துகூட மாத்தல."

அவர் பொத்தானை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். வாய் திறந்தது. உதடுகள் ஒரு சொல்லுக்கான வடிவத்துக்கு வந்து, அங்கேயே நின்று, பிறகு கலைந்தன. "செவ்வாக்கெழம" என்றார். சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். தான் சொல்ல வந்தது அதுவல்ல என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அன்றைக்கு வியாழக்கிழமை.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே குளியலறைச் சுவரோடு சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. உயிருக்கு ஆபத்தில்லை என்று மூன்றாம் நாள் மருத்துவர் சொன்னார். கேட்பது புரியும், படிப்பது புரியும், யோசனை பழையபடியே ஓடும், ஆனால் பேசுவதற்கும் எழுதுவதற்கும் சொல் எடுக்கிற இடம் அடிபட்டிருக்கிறது என்றார். வீட்டில் சாமானெல்லாம் அதது இருந்த இடத்திலேயே இருக்கிறது, அலமாரிச் சாவிதான் காணவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று விளக்கினார். வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. ஏழு மாதத்தில் அவரிடம் நிலையாகத் தங்கியவை இரண்டு சொற்கள்: "இல்ல", "சரி". எங்கிருந்தோ அழையா விருந்தாளியாக வந்து ஒட்டிக்கொண்டது மூன்றாவது. டீ வேண்டுமானாலும் செவ்வாய்க்கிழமை, மின்விசிறியை நிறுத்த வேண்டுமானாலும் செவ்வாய்க்கிழமை, மகள் தொலைபேசியில் "எப்படிப்பா இருக்கீங்க" என்று கேட்டாலும் செவ்வாய்க்கிழமை. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து எந்தச் செவ்வாய் எது என்று பிரித்துப் பார்க்க அவள் பழகியிருந்தாள்.

அவர் பதினாலு வருஷமாக ஒரு லைப்ரரி எழுதிக்கொண்டிருந்தார். அலுவலகம் முடிந்து வந்தும் விடுமுறை நாட்களிலும் பின்னறையில் உட்கார்ந்து எழுதியது. அடுத்த வீட்டம்மா இதைக் கேள்விப்பட்டு, "உங்க வீட்டுக்காரருக்கு லைப்ரரியில பெரிய செல்வாக்காமே, எனக்கு ஒரு மெம்பர் கார்டு போட்டுத் தரச் சொல்லுங்களேன்" என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள். இது புத்தகம் இருக்கிற லைப்ரரி இல்லை. ஒரு கணினி தூரத்தில் இருக்கிற இன்னொரு கணினியோடு பேசுவதற்கான நிரல்களின் தொகுப்பு. ஒவ்வொருவரும் அதை முதலிலிருந்து எழுதி அல்லாட வேண்டாம் என்று இவர் ஒருமுறை சரியாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார். எங்கெங்கோ இருக்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பயன்படுத்துவது எப்படி என்று விளக்கும் பக்கங்களையும் அவரே எழுதியிருந்தார். அந்தப் பக்கங்களை அவள் இந்த ஏழு மாதத்துக்கு முன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அவள் வேலை பிழை திருத்துவது. பள்ளிப் பாடப்புத்தகங்கள் அச்சிடும் நிறுவனம் ஒன்றில் இருபது வருஷம். கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாம் அவள் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வரி வரியாகப் பார்க்கிறவள், வீட்டுக்குள்ளேயே ஒருவர் நானூறு பக்கம் எழுதி வைத்திருந்ததை எட்டிப் பார்க்கவில்லை. அவரும் காட்டவில்லை. "உனக்கு இது போரடிக்கும்" என்பார். அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாம் வாரம் அவருடைய அஞ்சல் பெட்டியைத் திறந்தாள். அவருக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் பதில் வராது என்று லைப்ரரிக் குழுவுக்கு ஓர் அறிவிப்புப் போட்டுவிடச் சொல்லியிருந்தாள் மகள். அறிவிப்பின் முதல் சொல்லை அவள் தட்டும்போதே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இடது கைதான், ஆனாலும் வலித்தது.

"சொல்ல வேண்டாமா?"

"இல்ல."

"கேட்டுட்டே இருக்காங்களே."

"இல்ல." கண் நிறைந்திருந்தது. மூன்று நான்கு மாதத்தில் பேச்சு திரும்பிவிடலாம் என்று அப்போது பயிற்சியாளரும் சொல்லியிருந்தாள். சரி, அதுவரைக்கும் பொறுக்கலாம் என்று அறிவிப்பை அழித்தாள். பெட்டியை மூடப் போகும்போதுதான் ஒரு கேள்வி கண்ணில் பட்டது. ஒருவர் விளக்கப் பக்கத்திலிருந்து, தொடர்பை மூடுவது பற்றிய ஒரு வரியை எடுத்துப் போட்டு, இதற்கு என்ன பொருள் என்று கேட்டிருந்தார். அவளுக்கு நிரல் தெரியாது. ஆனால் அந்த வரியில் எழுவாய் எது என்றே தெரியவில்லை என்பது தெரிந்தது. மூடுவது யார், மூடப்படுவது எது? நாலாம் வகுப்புப் பாடத்தில் இப்படி ஒரு வரி வந்திருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பாள். கை சும்மா இருக்கவில்லை. இரண்டாக உடைத்து எழுதி அவரிடம் காட்டினாள். படித்தார். மறுபடி படித்தார். "சரி" என்றார். அவர் பெயரிலேயே அனுப்பிவிட்டாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வரி பத்து வரியாகி, பத்து வரி ஒரு பக்கமாயிற்று. காலையில் அவர் மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்காருவார்கள். அவள் வரியைப் படிப்பாள். புரியாத இடத்தில் நிறுத்துவாள். முதலில் எல்லா இடமும் புரியாத இடமாகத்தான் இருந்தது. பைட் என்றால் ஓர் எழுத்து மாதிரி என்று மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மற்றதெல்லாம் அவரிடம். "சரி" வந்தால் அந்தப் பக்கமே போவாள், "இல்ல" வந்தால் மறுபக்கம் திரும்புவாள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் கைதட்டும் திசையில் நடப்பது போல இருந்தது.

அந்த வியாழக்கிழமை அவர் செவ்வாய்க்கிழமை என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டபோது, அவள் டீ போட எழுந்துவிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் அவர் மாத்திரைப் பெட்டியை இழுத்துத் திறந்தார். எல்லாக் கட்டத்திலும் இருந்த மாத்திரைகளை மேசைமேல் கொட்டினார்.

"ஐயோ, என்ன பண்றீங்க, எல்லாம் கலந்துபோச்சு!"

அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மாத்திரைகளை அள்ளி மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து, கேள் என்று தலையை அசைத்தார்.

"என்ன கேக்கணும்? மாத்திரையா? எத்தனை? ...சரி, பத்து குடுங்க."

மேசைக்கு அடியிலிருந்து கை வந்தது. உள்ளங்கையில் மூன்று மாத்திரை.

"பத்து கேட்டேன்."

அவர் சிரித்தார். அந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்திருந்தார் போல. மறுபடி கேள் என்று கண்ணைக் காட்டினார்.

"மீதி ஏழு குடுங்க."

நான்கு வந்தது. மறுபடி கேட்டாள், கை மூடியபடியே வந்தது. திறக்கவில்லை. அவள் காத்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் முள் நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாகத் திறந்தார், மூன்று. மொத்தம் பத்து. இன்னும் கேள் என்றார். கேட்டாள். இந்த முறை கை விரிந்தபடியே வந்தது. வெறுங்கை. அதை அவள் முகத்துக்கு நேராகக் காட்டி, மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அனுப்புவது ஒரே தவணையில் வந்து சேராது. நூறு எழுத்து கேட்டால் வழியில் வந்து சேர்ந்தது நாற்பது என்றால் நாற்பதுதான் கையில் கிடைக்கும். மீதியை மறுபடி கேட்டு வாங்க வேண்டும். மூடிய கை என்றால் இன்னும் வரவில்லை, பொறு. விரித்த வெறுங்கை என்றால் அந்தப் பக்கம் சொல்லி முடித்துவிட்டது. இரண்டும் ஒன்றில்லை.

காகிதத்தை இழுத்து எழுதினாள்: "நீங்கள் கேட்ட அளவு முழுவதும் வந்து சேரும்வரை இது காத்திருக்காது. அப்போது வந்த வரைக்கும் தரும். மீதி தேவையென்றால் மறுபடியும் கேளுங்கள். பூஜ்யம் வந்தால் மறுமுனை முடித்துக்கொண்டது என்று பொருள், இன்னும் வரவில்லை என்று பொருள் அல்ல."

அவர் படித்தார். "வந்த வரைக்கும்" என்ற இடத்தில் விரலை வைத்து ஒரு நிமிஷம் அப்படியே இருந்தார். "சரி" என்றார். "சரி சரி சரி."

அப்புறம் அரை மணி நேரம் இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து, வெள்ளை எது, இளமஞ்சள் எது, காலையில் போடுவது எது என்று சீட்டைப் பார்த்து மாத்திரைகளைப் பிரித்தார்கள்.

அந்த வாரங்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். இதைச் சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது. புருஷன் பேச்சிழந்து கிடக்கிறான், இவளுக்கு என்ன சந்தோஷம் என்று யாராவது கேட்கக்கூடும். ஆனால் கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பின்னறைக்குள் அவர் என்ன யோசித்தார் என்று இப்போதுதான் பார்க்கிறாள். எத்தனை நுணுக்கமான மனுஷர். தொடர்பு அறுந்துபோனால் என்ன செய்வது, பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது, எதிர்முனை பதிலே சொல்லாவிட்டால் எத்தனை நேரம் பொறுப்பது, எல்லாவற்றுக்கும் ஏதாவது ஏற்பாடு வைத்திருந்தார். ஒரு பக்கத்தில், நம் பக்கத்துப் பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டு, மறுமுனை சொல்வதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று ஒரு வசதி. அதை அவள் வாசித்தபோது அவர் காகிதத்தைத் தட்டினார், பிறகு தன் நெஞ்சைத் தட்டினார். அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் இருவரும் சிரித்தார்கள். அவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, முதுகைத் தடவி விட வேண்டியதாயிற்று.

மகளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அவள் வேறு ஊரில் வேலை பார்த்தாள், தினமும் மதியம் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவாள்.

"அம்மா, அவங்கெல்லாம் அப்பா எழுதுறதா நெனச்சுட்டு இருக்காங்க."

"அப்பாதான் எழுதுறாரு. நான் வார்த்தைதான் போடுறேன்."

"நன்றி சொல்றாங்களே, அது யாருக்கு? உண்மையச் சொல்லிடும்மா."

அந்த நன்றி அவளுக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. காரணம் மகளுக்குத் தெரியாதது. பழைய கேள்விகளைத் தேடிப் படிக்கும்போது, அவற்றுக்கு அவர் எழுதிய பழைய பதில்களையும் அவள் படித்திருந்தாள். வீட்டில் குரல் உயர்த்தி ஒரு சொல் பேசாத மனுஷர். அங்கே வேறு ஆளாக இருந்தார். "பக்கத்தில் எழுதியிருக்கிறது, படிக்கவும்." "இதைக் கேட்பதற்கு முன் ஐந்து நிமிடம் யோசித்திருக்கலாம்." "புரியவில்லை என்றால் வேறு தொழில் பார்க்கவும்." ஒரு பதிலைப் படித்தபோது அவளுக்குக் காது சூடானது. தன் வகுப்பில் பிள்ளை ஒன்றை ஆசிரியர் எல்லார் முன்னாலும் திட்டுவதைப் பின்வரிசையிலிருந்து பார்ப்பது போல இருந்தது. இத்தனைக்கும் கேட்டவர்கள்மேல் தப்பில்லை. பாதிக்கு மேல் வரியின் தப்பு.

அவரிடம் அவள் இதைப் பேசவில்லை. திருப்பிப் பேச முடியாதவரோடு என்ன வழக்கு?

புதிய பக்கம் வெளியான இரண்டாவது வாரம் அந்தக் கடிதம் வந்தது. அனுப்பியவருடைய படமாக ஒரு கறுப்புக் குடை இருந்தது. பெயருக்குப் பதில் ஏதோ எண்கள். குடைக்காரர் என்று அவள் மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்டாள்.

"ஐயா, படிப்பதைப் பற்றிய பக்கத்தை நீங்கள் மாற்றி எழுதியிருப்பதைப் பார்த்தேன். நான் பாலங்களுக்கு அடியில் நீர்மட்டம் அளக்கும் கருவிகளுக்கு நிரல் எழுதுகிறவன். ஐந்து வருடம் முன்பு உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். உங்களுக்கு நினைவிருக்காது. அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் கருவி எண்ணூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர் என்று அனுப்பியது. எங்களுக்கு முதலில் எட்டும் ஒன்றும்தான் வந்து சேர்ந்தன. நான் கேட்டதெல்லாம் வந்துவிட்டது என்று நிரல் நம்பியது. நீர்மட்டம் எண்பத்தொன்று என்று பலகையில் காட்டியது. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. பதினோரு வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நான் போய் இரண்டு நாள் அவர்களோடு சேறு அள்ளினேன். ஒரு வீட்டில் தையல் இயந்திரம் முழுக்கச் சேறு. உங்கள் லைப்ரரியில் பிழையா என்று கேட்டதற்கு, லைப்ரரியில் பிழை இல்லை, படிக்கத் தெரியாதவரிடம்தான் பிழை என்று எழுதினீர்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் நிரலே எழுதவில்லை. நேற்று உங்கள் புதிய பக்கத்தைப் படித்தேன். வந்த வரைக்கும் தரும் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல இருந்தது. உங்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் மாறிவிட்டீர்கள். நன்றி."

அவள் மடிக்கணினியை மூடினாள். திறந்தாள். மூடினாள். எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினாள். ஏற்கெனவே துலக்கிய பாத்திரம்தான்.

மதியம் மகள் கூப்பிட்டபோது படித்துக் காட்டினாள்.

"அப்பாவுக்குக் காட்டாதம்மா" என்றாள் மகள். "அவரால திருப்பி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. உள்ளேயே வெச்சுக் குமைவாரு."

"நீதானே உண்மையச் சொல்லுன்னே?"

"சொன்னேன்தான். இப்பப் பயமா இருக்கு."

அவளுக்கும் பயம்தான். ஆனால் அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொள்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அது அவருக்கு வந்த நன்றி இல்லை. அவளுக்கு வந்ததும் இல்லை. இருவருக்கும் நடுவில், உண்மையில் இல்லாத ஒரு நல்ல மனிதருக்கு வந்த கடிதம் அது. காட்டாமல் விட்டால், இனி வரும் நாளெல்லாம் அந்த இல்லாத மனிதரோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தாள். பதினோரு வீடுகள் என்ற இடத்தில் அவர் கை, நாற்காலியின் கையைப் பற்றியது. முடித்ததும், திரும்பப் படி என்று காட்டினார். திரும்பப் படித்தாள். அவர் எழுந்தார். வலது காலை இழுத்து இழுத்துப் பின்னறைக்குப் போனார். கதவு சாத்தப்பட்டது.

ஏழு மாதமாக அந்தக் கதவு சாத்தப்பட்டதில்லை. விழுந்துவிட்டால் தெரிய வேண்டுமே என்று திறந்தே வைத்திருந்தாள். வெளியே நின்று, "என்னங்க" என்றாள். "கோவமா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து உள்ளேயிருந்து "இல்ல" என்று வந்தது. அப்புறம் ஒரு விசை தட்டும் சத்தம். நீண்ட இடைவெளி. இன்னொரு விசை.

மூன்று நாள் அப்படிப் போனது. சாப்பாட்டுக்கு வருவார், மாத்திரை போட்டுக்கொள்வார், உள்ளே போய்விடுவார். மேசைமேல் அவர்கள் பாதியில் விட்ட பக்கம் அப்படியே கிடந்தது. பேச்சுப் பயிற்சியாளர் வந்த அன்று அவளிடமும் போகமாட்டேன் என்றுவிட்டார். சின்னப் பெண் அவள், கோபித்துக்கொள்ளவில்லை. கதவுக்கு வெளியே நின்று விசைச் சத்தத்தைக் கேட்டாள்.

"என்ன எழுதுறாரு?"

"தெரியலம்மா."

"நீங்க போய் எடுத்துக் குடுக்காதீங்க. அவருக்கு வார்த்தை வரலைன்னா நீங்க டக்குனு எடுத்து நீட்டிடுறீங்க, கவனிச்சிருக்கேன். பாவமாத்தான் இருக்கும். இருந்தாலும் விடுங்க."

நாலாம் நாள் காலை பத்து மணிக்குக் கதவு திறந்தது. அவர் அவளை உள்ளே கூப்பிட்டார், கையால். திரையில் எட்டு வரி இருந்தது.

"எனக்கு பேசு வராது. ஏழு மாசம்
மனைவி எழுது
நல்ல வார்த்தை எல்லாம் அவ
உங்க கேள்விக்கு எழுதுனது நான்
நீங்க படிச்சது சரி. நான் எழுதுனது தப்பு
பதினோரு வீடு என்னால
தையல் மிசின் என்னால
மன்னி"

அவள் நின்றபடியே படித்தாள். இருபது வருஷப் பழக்கம், கண் தன்னால் பிழையை எண்ணியது. சில இடத்தில் வேற்றுமை உருபு இல்லை, வினைமுற்று இல்லை, வரிக் கடைசியில் முற்றுப்புள்ளி இல்லை. கடைசிச் சொல் பாதியில் நின்றது. மன்னிக்கவும் என்று எழுத வந்து முடியாமல் விட்டாரா, இல்லை, கூடப் படித்தவனிடம் கேட்பது போல அவ்வளவுதான் கேட்க நினைத்தாரா? விரல் விசைப்பலகைப் பக்கம் போய்விட்டது. போனதை அவள் பார்த்தாள், அவரும் பார்த்தார்.

"திருத்தட்டுமா?"

"இல்ல."

"கடைசி வார்த்தை மட்டும்..."

"இல்ல."

அவள் கையை எடுத்துப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். யாருக்கு அனுப்பப் போகிறார் என்று அப்போதுதான் பார்த்தாள். குடைக்காரருக்கு மட்டுமல்ல, குழுவில் இருக்கும் எல்லாருக்கும். சில ஆயிரம் பேர். ஒரு காலத்தில் இவர் பெயரைப் பார்த்தாலே பயந்தவர்கள்.

"எல்லாருக்குமா?"

அவர் அவளைப் பார்த்தார். இடது ஆள்காட்டி விரலால் விசையை அழுத்தினார். அழுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் மின்விசிறியைப் போட்டாள். அவர் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டு, நரைத்த முடியைக் கோதிக்கொண்டே நின்றாள். முடி வெட்டி நாளாகிவிட்டது. அவர் அழுதார். சத்தம் இல்லாமல், தோள் மட்டும் குலுங்க. அவள் எதையும் எடுத்து நீட்டவில்லை.

மறுநாள் கடிதங்கள் குவிந்தன. சீக்கிரம் குணமாக வேண்டும், கடவுள் துணை, இப்படி. இரண்டு மூன்றை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், அப்புறம் போதும் என்று கையை ஆட்டிவிட்டார். நாள் முழுவதும் குடையைத்தான் தேடினார். பட்டியலை மேலும் கீழும் நகர்த்துவார், இல்லை என்று தெரிந்ததும் ஜன்னலைப் பார்ப்பார். அடுத்த நாளும் இல்லை. பதில் சொல்லவேண்டும் என்று குடைக்காரருக்கு என்ன கட்டாயம் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கணவரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வந்தது.

"சார், பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது பற்றிய பக்கத்தில், மூன்றாவது பத்தியில் 'உடனே' என்று எழுதியிருக்கிறீர்கள். அது உடனே நடப்பதில்லை. ஏற்கெனவே அனுப்பியதெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் நடக்கிறது. அந்தச் சொல்லை எடுத்துவிடலாம். அம்மாவிடம் சொல்லுங்கள்."

அவ்வளவுதான். மன்னிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"இல்ல" என்றார் அவர் உடனே, கொஞ்சம் காட்டமாகவே. பக்கத்தைத் திறந்தார். நிரலைத் திறந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்து நரம்பு தெரிய அவர் அப்படிக் குனிந்து உட்கார்ந்து அவள் பார்த்து எத்தனை மாதமாயிற்று. பத்து நிமிஷம் கழித்து நிமிர்ந்து, "சரி" என்றார். அதைச் சொன்ன விதத்தில் தோற்ற எரிச்சலும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. அவள் "உடனே"யை அடித்தாள். கடிதத்தின் கீழே இன்னொரு வரி இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். "சனிக்கிழமை காலையில் பாலத்துக்குக் கருவியைச் சோதிக்கப் போவேன். அங்கிருந்து வீடியோவில் கூப்பிடட்டுமா? பேச வேண்டாம் சார். சும்மா பார்க்கலாம்."

சனிக்கிழமை அவர் சட்டையை மாற்றிக்கொண்டார். தலையை ஈரப்படுத்திச் சீவச் சொன்னார். ஒன்பதரைக்குத் திரையில் ஒரு முகம் வந்தது. அவள் நினைத்ததைவிட வயது குறைவு, முப்பத்தைந்து இருக்கும். முன்வழுக்கை. காற்றடித்துக்கொண்டிருந்தது, பின்னால் எங்கோ லாரிகள் போகும் சத்தம்.

"வணக்கம் சார்" என்றார் குடைக்காரர். "அம்மா, வணக்கம்." இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். கணவரின் உதடு அசைந்தது, ஏதோ வடிவத்துக்கு வந்தது, கலைந்தது. குடைக்காரர் அவசரப்படவில்லை. "இருங்க சார், காட்டுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கைப்பேசியைத் திருப்பினார்.

அவள் டீ கொண்டுவரப் போனாள். இரண்டு டம்ளரோடு திரும்பி வந்தவள், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். திரை முழுக்கத் தண்ணீர். பழுப்பு நிறத்தில், அதிகம் அசையாமல், அகலமாக. பாலத்தின் தூண் ஒன்றில் கறுப்பும் வெள்ளையுமாக அளவுக்கோடுகள், பக்கத்தில் மீட்டர் கணக்கில் பெரிய எண்கள். தூணின் கீழ்விளிம்பில் ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றிருந்தது. கணவர் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோயிருந்தார். இடது ஆள்காட்டி விரலைத் தண்ணீரும் தூணும் சந்திக்கும் இடத்தில் வைத்திருந்தார்.

"எவ்வளவு சார் நிக்குது?" என்று குடைக்காரரின் குரல் மட்டும் வந்தது. "பொறுமையா. எனக்கு மத்தியானம் வரைக்கும் இங்கதான் வேலை."

"ஆ" என்றார் அவர்.

அவள் நாக்கு நுனிவரை அந்தச் சொல் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். டம்ளர்களின் சூடு விரலில் ஏறியது.

"ஆ... ஆ..." அவர் கண்ணை மூடவில்லை. விரல் திரையில் அழுந்தி நகம் வெளுத்திருந்தது. "ஆறு."

எண்ணைச் சொன்னாரா, எதிரே ஓடிக்கொண்டிருந்ததைச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீர் அங்கே ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இருந்தது.

"ஆமா சார்" என்றது குரல். "ஆறு."

நாரை காலை மாற்றிக்கொண்டது. அதன் காலடியிலிருந்து ஒரு வளையம் கிளம்பி, மெல்ல விரிந்து, தூணின் எண்ணைத் தொட்டு, அதற்கு அப்பாலும் போனது.